முதல் படி எங்கே? பாலக்காடு, இடுக்கி எல்லையில் நர்ஸ் படிப்பு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் வண்டிப்பெரியாற்றிலும் பெண்பிள்ளை உள்ள வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும்: நர்ஸுக்குப் படிக்கவைக்கலாமா? அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், எந்த நர்ஸ் என்று கேட்டாக வேண்டும். 4 ஆண்டு பி.எஸ்சி. முடித்தவரும் நர்ஸ், 3 ஆண்டு ஜிஎன்எம் என்னும் பொதுச் செவிலியம் – மகப்பேறு டிப்ளமா முடித்தவரும் நர்ஸ், 2 ஆண்டு ஏஎன்எம் முடித்தவரும் நர்ஸ். ஏதோ ஒரு கடை மாடியில் ஆறு மாதம் வகுப்புக்குப் போய், கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடு திரும்பி வந்தவரையும் ஊர் நர்ஸ் என்றுதான் கூப்பிடுகிறது. இந்த நான்காவது ஆளை நர்ஸிங் கவுன்சில் பதிவேடு மட்டும் அறியாது. எல்லையோரத்தில் பணமும் காலமும் விரயமாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பட்டப் படிப்பைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இங்கே பார்க்கப்போவது கீழ்ப்படிகளை: ஓரிரு ஆண்டில் தொழிலாகக் கற்று, உரிமம் பெற்று, வேலைக்குப் போகக்கூடிய செவிலியர் பயிற்சியை. அமெரிக்காவின் டெக்சாஸ், கலிஃபோர்னியா மாநிலங்களில் இப்படிப்பட்டவரை ‘வொகேஷனல் நர்ஸ்’ என்கிறார்கள். மற்ற மாநிலங்களில் ‘பிராக்டிகல் நர்ஸ்’. ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு, அதன்பின் உரிமத் தேர்வு. நம் நாட்டில் அதற்கு மிக நெருங்கியது ஏஎன்எம் என்னும் துணைச் செவிலியர் – மகப்பேறு உதவியாளர் படிப்பு. தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் என்று நாம் அறிந்தவரும், கேரளத்தில் ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸ், சுருக்கமாக ஜேபிஎச்என், என்று அழைக்கப்படுபவரும் இந்தப் படிப்பிலிருந்து வந்தவர்கள்தாம்.

முதலில் இடத்தைப் பற்றி. பாலக்காட்டு எல்லையும் இடுக்கி எல்லையும் கேரளத்துக்குள் ஒன்றையொன்று தொடுவதில்லை. பாலக்காட்டில் தமிழ் கேட்கும் பகுதி என்றால் சித்தூர் தாலுகாதான் முதலில் நினைவுக்கு வரும்: வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், முதலமடை. பொள்ளாச்சிச் சந்தையோடு உறவு வைத்த விவசாயச் சமவெளி இது. வடக்கே அட்டப்பாடி, அங்கே இருளர், முடுகர், குறும்பர். இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்கள். தேயிலை, ஏலம், மறையூர் வெல்லம், காந்தளூர்ப் பூண்டு. 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று நேசமணி காலத்தில் நடந்த போராட்டத்தைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. தாலுகாக்கள் கேரளத்தில் நின்றன, மக்கள் தமிழ் பேசிக்கொண்டே இருந்தார்கள். சமவெளிக்காரருக்குக் கோயம்புத்தூர் ஒரு பஸ் தூரம். மலைக்காரருக்கு எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் பக்கம் இல்லை. மூணாறிலிருந்து கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குப் போவதைவிடப் போடிமெட்டு இறங்கித் தேனிக்குப் போவது கிட்டம். மறையூர்க்காரர் சின்னாறு வழியே உடுமலைப்பேட்டைக்கு இறங்குகிறார். கொரோனா நாட்களில் வாளையாரும் குமுளியும் போடிமெட்டும் மூடப்பட்டபோதுதான், இந்த மக்களின் வைத்தியம் எவ்வளவு தூரம் எல்லையைத் தாண்டிக் கிடக்கிறது என்பது அதிகாரிகளுக்கும் உறைத்தது.

ஏஎன்எம் படிப்பு 1950களின் தொடக்கத்தில் நாட்டில் வந்தது. அப்போது அதன் மையம் பிரசவம். 1973-இல் கர்த்தார் சிங் குழு, மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர் என்று தனித்தனியே அலைவதை விட்டுவிட்டுப் பல்நோக்குப் பணியாளரை உருவாக்கச் சொன்னது. 1977 முதல் படிப்பு 18 மாதமானது. இப்போது அது 2 ஆண்டு, அதில் கடைசி ஆறு மாதம் களப் பயிற்சி. முதலாண்டில் சமூக நலச் செவிலியம், சத்துணவு, தடுப்பூசி, தொற்றுநோய், முதலுதவி, குழந்தை நலம். இரண்டாமாண்டில் மகப்பேறும் சுகாதார நிலைய நிர்வாகமும். 17 வயது நிறைந்திருக்க வேண்டும், பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். அறிவியல் பிரிவுதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெண்களுக்கு மட்டும் உரியது. ஆண் பிள்ளைகள் ஜிஎன்எம்மிலிருந்துதான் தொடங்க முடியும்.

அந்த அறிவியல் கட்டாயமின்மை சின்ன விஷயமல்ல. பி.எஸ்சி. நர்ஸிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மலையில் தமிழ்வழியில் படித்துக் கலைப் பிரிவிலோ வணிகப் பிரிவிலோ பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு, மருத்துவத் துறைக்குள் நுழைய அரசு திறந்துவைத்திருக்கும் எளிய வாசல் இது. நாட்டில் அவ்வப்போது ஒரு பேச்சு எழுகிறது: டிப்ளமா நர்ஸிங்கை எல்லாம் மூடிவிட்டுப் பட்டம் மட்டும் வைத்துக்கொள்வோம் என்று. ஜிஎன்எம்மை நிறுத்திவிடுவதாக இந்திய நர்ஸிங் கவுன்சில் சில ஆண்டுகளுக்கு முன் அறிவித்தும் பார்த்தது. பிறகு அது நடக்கவில்லை. தரம் உயர வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் கீழ்ப்படியை உடைத்தால் கோட்டயத்துப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், குண்டுமலை லயத்தில், வளர்ந்த பெண்தான் வெளியே நிற்பாள்.

எங்கே படிப்பது? கேரள அரசு ஏஎன்எம் படிப்பை நடத்தும் பயிற்சிப் பள்ளிகள் நான்கு: திருவனந்தபுரத்தில் தைக்காடு, கோட்டயம் மாவட்டத்தில் தலையோலப்பறம்பு, பாலக்காடு மாவட்டத்தில் பெருங்கோட்டுக்குறிச்சி, வடக்கே காசர்கோடு. சித்தூர்க்காரருக்குச் சொந்த மாவட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. இடுக்கிக்கு ஒன்றும் இல்லை. மூணாறு பெண் தலையோலப்பறம்புக்கு மலையிறங்கி விடுதியில் தங்க வேண்டும். பாடம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் ஓடும். தமிழ்வழியில் வந்தவருக்கு முதல் ஆறு மாதம் உடற்கூறியலைவிட வகுப்பறை மொழிதான் பெரிய பாடம்.

இடுக்கியில் நர்ஸிங் கல்வியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கட்டப்பனையில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை பல ஆண்டுகளாகச் செவிலியர்களைப் பயிற்றுவிக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த பிரதர் ஃபார்ச்சுனாட்டஸ் என்ற துறவி, குடியேற்ற விவசாயிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. இடுக்கி அரசு மெடிக்கல் காலேஜ் 2014-இல் தொடங்கி, அங்கீகாரம் இழந்து, 2022-இல் 100 இடங்களோடு மறுபடி உயிர் பெற்றது. அதை ஒட்டி நர்ஸிங் கல்லூரி ஒன்றை 2023 மாநில பட்ஜெட் அறிவித்தது. ஆனால் இவை மேல்படிகள்.

தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கினால்? அங்கே பிளஸ் டூவிலேயே செவிலியம் ஒரு தொழிற்பாடமாக உண்டு, தமிழில் பாடநூலும் உண்டு. மேல்நிலைக் கல்வி வந்த 1978-லிருந்தே தொழிற்பிரிவு தமிழ்நாட்டில் இருக்கிறது. எல்லையோரப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை. ஆனால் அரசுப் பயிற்சிப் பள்ளியில் இடம் என்று வரும்போது இருப்பிடச் சான்று குறுக்கே வந்து நிற்கும். கேரள ரேஷன் கார்டு வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டு அரசு இடம் கிடையாது. மிச்சம் இருப்பது தனியார் கட்டண இடம். அங்கே படித்துவிட்டுக் கேரளத்தில் வேலை பார்க்க வேண்டுமானால், முதலில் தமிழ்நாடு கவுன்சிலில் பதிந்து, பிறகு திருவனந்தபுரத்திலுள்ள கேரள நர்ஸ் – மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவை மாற்ற வேண்டும். முடியாத காரியமல்ல, இரண்டு தலைநகரங்களின் கவுன்ட்டர்களுக்கும் தாள் சுமக்கும் பொறுமையும் வழிகாட்ட ஒரு ஆளும் வேண்டும். அந்த ஆள்தான் பெரும்பாலும் இல்லை.

இல்லாத இடத்தில் ஏஜென்ட் வந்துவிடுகிறார். பெங்களூரு, மங்களூரு கல்லூரிகளுக்கு ஆள் பிடிப்பவர் ஒரு வகை. பக்கத்து டவுனில் ‘நர்ஸிங் அசிஸ்டென்ட் டிப்ளமா’ நடத்துபவர் இன்னொரு வகை. முதல் வகையில் குறைந்தபட்சம் படிப்பு உண்மையானதாக இருக்க வாய்ப்புண்டு. கடன்தான் கழுத்தை நெரிக்கும். இரண்டாம் வகையில் படிப்பு முடிந்த பிறகுதான் தெரியும், அந்தத் தாளைக் காட்டிப் பதிவு எண் வாங்க முடியாதென்று. பதிவில்லாமல் நர்ஸாக வேலை செய்வது சட்டப்படி குற்றம். கேரளத்தில் 2018-இல் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் வந்த பின்பு, தகுதியற்ற ஆளை நர்ஸாகக் காட்டி மருத்துவமனை தப்புவதும் கடினமாகிவருகிறது. வேலை போவது மருத்துவமனைக்காரருக்கு அல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்றாலே நம்பிவிடலாம் என்றும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் நீதிமன்ற உத்தரவின் பேரில் சிபிஐ கல்லூரிகளை ஆய்வு செய்தது. தகுதியில்லை என்று கண்ட 66 நர்ஸிங் கல்லூரிகள் 2024-இல் மூடப்பட்டன. ஆய்வுக்குப் போன சிபிஐ அதிகாரிகளே லஞ்ச வழக்கில் கைதானார்கள் என்பது அந்தக் கதையின் கசப்பான கிளை. 1947-ஆம் ஆண்டின் நர்ஸிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய நர்ஸிங் – மகப்பேறு ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது. சட்டம் புதிதானால் ஏஜென்ட்டின் விளம்பரத் தாளும் புதிதாக அச்சாகும். அவ்வளவுதான் இப்போதைக்கு நம்பலாம்.

நேர்மையான குறும்படிப்புகளும் உண்டு, அவற்றைப் போலிகளோடு சேர்த்துத் திட்டக்கூடாது. ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்பது மத்திய அரசின் திறன் வளர்ப்புத் திட்டங்களில் நடத்தப்படும் சில மாதப் பயிற்சி. நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, நாடித்துடிப்பும் உடல்வெப்பமும் குறிப்பது ஆகியவை இதில் உண்டு. ஊசி போடும் அனுமதி கிடையாது. கேரளத்தின் தொழில்முறை மேல்நிலைப் பள்ளிகளிலும் இது பாடமாக வந்துவிட்டது. இதை முடித்தவர் நர்ஸ் அல்ல, நர்ஸுக்கு உதவியாளர். அந்த வேறுபாட்டை மாணவியிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் இது கௌரவமான வேலை, மறைத்துவிட்டால் ஏமாற்று.

இனி, இந்தப் பயிற்சி பெற்றவர் வேலை செய்யும் இடத்தைப் பார்ப்போம். வாதத்தின் கனம் அங்கேதான் இருக்கிறது. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது நாட்டின் கணக்கு. ஜேபிஎச்என் அதன் முதுகெலும்பு. கர்ப்பிணிகளைப் பதிவது, ரத்தசோகை பார்ப்பது, தடுப்பூசி போடுவது, வீடு வீடாகப் போவது எல்லாம் அவர் தலையில். அட்டப்பாடியில் 2013-இல் அடுத்தடுத்துச் சிசுக்கள் இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. தாயின் சத்துக் குறைவு, ரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு என்று காரணங்கள் பேசப்பட்டன. இருளரிடையே அரிவாள் செல் ரத்தசோகையும் உண்டு. கோட்டத்தரையில் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் எடை குறைந்த கர்ப்பிணியை நான்காம் மாதத்திலேயே கண்டுபிடிப்பது ஊருக்கு நடந்து போகும் பெண்தான், மருத்துவமனை அல்ல. அந்தப் பெண்ணுக்கு இருள மொழி காதில் பழகியிருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. தமிழ் தெரிந்தவருக்கு அது பழகுவதும் எளிது.

இடமலைக்குடி இன்னொரு எடுத்துக்காட்டு. கேரளத்தின் முதல் பழங்குடி கிராமப் பஞ்சாயத்து, 2010-இல் மூணாறிலிருந்து பிரிக்கப்பட்டது. வாழ்பவர்கள் முதுவர்கள், மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள், தமிழுக்கு நெருங்கிய பேச்சு. அங்கே போகும் பாதை பெட்டிமுடியிலிருந்து தொடங்குகிறது. அதே பெட்டிமுடியில்தான் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களோடு 70 உயிர்கள் போயின. தொலைத்தொடர்பு அறுந்திருந்ததால் வெளியுலகுக்கு மறுநாள் காலைதான் செய்தி எட்டியது. அப்படிப்பட்ட இரவில் வெளியிலிருந்து எந்த ஆம்புலன்ஸும் வராது. முதலுதவி படித்த ஒருவர் அதே வரிசையில் குடியிருந்தால் மட்டுமே ஏதாவது செய்ய முடியும்.

மொழி விஷயத்தைச் சிலர் உணர்ச்சி விஷயமாக ஒதுக்கிவிடுகிறார்கள். எஸ்டேட்டில் ஒரு மாமியார் மருமகளைக் கூட்டிவந்து, “ரெண்டு மாசமா முழுகாம இருக்கா” என்பார். புரிந்துகொண்ட நர்ஸ் உடனே கர்ப்பப் பதிவேட்டை எடுப்பார். புரியாதவர் குளிக்காததற்கு ஏன் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்று திகைப்பார். 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்கும் கன்னடருக்கும் தங்கள் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் ‘தமிழும் மலையாளமும் தெரிந்த’ கிளார்க் பதவிக்குத் தனியாக ஆள் எடுக்கிறது. மனுவைப் படிப்பவருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்று ஒத்துக்கொண்ட அரசுக்கு, மகப்பேறு பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதை விளங்கவைக்க இவ்வளவு வாதம் தேவைப்படக்கூடாது.

தோட்டக் குடும்பங்களுக்கு இந்தப் படிப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. தாய் ஓய்வு பெறும்போது வீட்டில் யாரும் கொழுந்து பறிக்கப் போகவில்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவமனையும் குழந்தைக் காப்பகமும் தரச் சொன்னது. ஆனால் 2000-த்தில் பீர்மேடு பக்கம் தோட்டங்கள் மூடத் தொடங்கியபோது சம்பளத்தோடு அந்த வசதிகளும் போயின. பெண்கள் வெளியேறினார்கள்: சிலர் திருப்பூருக்கு, சிலர் எர்ணாகுளத்தில் ‘ஹோம் நர்ஸ்’ வேலைக்கு. பீர்மேட்டின் தமிழ்த் தலித் தொழிலாளர்களைப் பற்றி ஜெயசீலன் ராஜ் எழுதி 2022-இல் வெளிவந்த ‘பிளான்டேஷன் கிரைசிஸ்’ என்ற நூல், வெளியே போகும் இளையவர்கள் தங்கள் ஊரையும் சாதியையும் மறைத்து வாழ நேர்வதைப் பேசுகிறது. பதிவு எண் உள்ள நர்ஸாகப் போவதற்கும் ஏஜென்சி அனுப்பும் ஹோம் நர்ஸாகப் போவதற்கும் இடையில் உள்ள தூரம் சம்பளத்தில் மட்டும் இல்லை.

அதற்குள்ளும் ஒரு முள். பட்டியல் சாதிச் சான்றுக்கு, 1950-க்கு முன்பே குடும்பம் கேரள எல்லைக்குள் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். கங்காணி கூட்டிவந்த தாத்தாவிடம் பட்டாவா இருந்தது? எஸ்டேட் பழைய பதிவேட்டில் பெயர் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இட ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. நான்கு தலைமுறை தேயிலை பறித்தவர்கள் கேரளத்தில் வந்தேறி, தமிழ்நாட்டில் வெளிமாநிலத்தார். நர்ஸ் படிப்பைப் பற்றிய எந்த ஆய்வும் இந்தச் சான்றிதழ்ச் சிக்கலைத் தொடாமல் போனால் அது அரைகுறை ஆய்வுதான்.

சம்பளம்? கேரளத்தில் தனியார் மருத்துவமனை நர்ஸுகள் 2011-12-இல் தெருவுக்கு வந்து போராடினார்கள். யுனைடெட் நர்ஸஸ் அசோசியேஷன் உருவானது அப்போதுதான். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. 2018 ஏப்ரலில் கேரள அரசு அதையே குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. இந்தப் பாதுகாப்பு எல்லாம் பதிவு பெற்றவருக்குத்தான். மாடியறைச் சான்றிதழ்க்காரருக்கு முதலாளி கொடுத்ததே ஊதியம்.

எல்லையோரத்தில் ஏஎன்எம் முடித்தவருக்கு நான் முதலில் சுட்டிக்காட்டுவது பாலியேட்டிவ், அதாவது வலிநிவாரணப் பராமரிப்புத் துறையை. கேரளம் 2008-இல் வலிநிவாரணத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்த மாநிலம். கிராமப் பஞ்சாயத்துகள் நர்ஸை வைத்துப் படுத்த படுக்கையாக உள்ளவர்களை வீட்டில் போய்ப் பார்க்கவைக்கின்றன. ஏஎன்எம் அல்லது ஜேபிஎச்என் படிப்போடு 3 மாதச் சமூக பாலியேட்டிவ் துணைச் செவிலியப் பயிற்சி முடித்தவரை இதற்கு எடுக்கிறார்கள். ஒப்பந்த வேலைதான், நிரந்தரமில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் தேவை குறையப்போவதில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் 60 வயது கடந்தவர் 12.6 சதவீதம், நாட்டிலேயே அதிகம். பிள்ளைகள் வளைகுடாவிலும் கனடாவிலும் இருக்கும் வீடுகளுக்காகக் கேரளத்தின் மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீ 2018-இல் ‘ஹர்ஷம்’ என்ற முதியோர் பராமரிப்புத் திட்டத்தையே தொடங்கியது.

வெளிநாட்டுக் கனவைத் தடுக்க வேண்டியதில்லை, வழியைச் சரியாகச் சொன்னால் போதும். ஜெர்மன் அரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தோடு, கேரள அரசின் வெளிநாடுவாழ் கேரளர் நல அமைப்பான நோர்க்கா 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு ‘டிரிப்பிள் வின்’ திட்டத்தை நடத்துகிறது. ஜிஎன்எம் அல்லது பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு அது, தேர்வானவர்களுக்கு ஜெர்மன் பி1 நிலை வரை மொழிப் பயிற்சியும் உண்டு. பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டு ஜெர்மனியிலேயே 3 ஆண்டு ஊதியத்தோடு பயிலும் கிளையும் வந்திருக்கிறது. ஏஎன்எம் மட்டும் வைத்துக்கொண்டு இதற்குள் நுழைய முடியாது. ஆனால் பதிவு பெற்ற ஏஎன்எம் ஜிஎன்எம்முக்கு விண்ணப்பிக்கலாம், ஜிஎன்எம் முடித்தவர் 2 ஆண்டில் பட்டமும் வாங்கலாம். கிராமத்துப் பெண் இப்படி ஏறிப்போக வழி சட்டத்திலேயே இருக்கிறது. முதல் படிதான் மலைமேல் இல்லை.

ஆகவே கேட்க வேண்டியவை நான்கு. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் ஏதாவது ஓர் இடத்தில் அரசு ஏஎன்எம் பயிற்சிப் பள்ளி ஒன்று. அதிலும் பெருங்கோட்டுக்குறிச்சியிலும் மொழிச் சிறுபான்மை மாணவிகளுக்குச் சில இடங்கள். எல்லைத் தாலுகாக்களிலும் அட்டப்பாடியிலும் ஜேபிஎச்என் நியமனத்தில் தமிழ் தெரிந்தவருக்கு முன்னுரிமை. 1950 ஆதாரம் கேட்கும் இடத்தில், எஸ்டேட் வேலைப் பதிவையும் பள்ளிப் பதிவையும் ஏற்றுக்கொள்ளும் தளர்வு. இவற்றில் எதற்கும் புதிய தத்துவம் தேவையில்லை. பஞ்சாயத்து உறுப்பினர்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்தல் நேரத்தில் பேசும் தமிழில் பாதியைச் சட்டசபையில் பேசினால் போதும்.

அதுவரை பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டுவதற்கு முன்னால் பள்ளி நடத்துபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் படிப்பு முடித்தால் எந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்கும்? போன ஆண்டு முடித்த பிள்ளையின் பதிவு எண்ணைக் காட்ட முடியுமா? பதில் வர நேரமாகிறது என்றால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.